கீழிமையின் உள்பக்கம்

இதை எழுதுவதற்காக ஒரு நோட்டு வாங்கி வைத்து ஐந்து வருடம் ஆகிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, கீழே கோவிந்த நாமம் எழுதி, அதற்கு மேல் கை ஓடாமல் மூடி வைத்துவிடுவேன். அடுத்த வருடம் மறுபடி எடுப்பேன். நான் நகரியில் தமிழ் மீடியத்தில் ஒன்பதாவது வரை படித்தவள். படிப்புக் குறைவு என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன், அது சாக்கு. உண்மையில் பயம்தான். அம்மன் வாயிலிருந்து வந்த வார்த்தையைக் காகிதத்தில் வைக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. போன ஜாத்திரையில், என் தாய்வீட்டு ஊர்க் கங்கம்மா திருவிழாவில், நடந்ததற்குப் பிறகு, எழுதாமல் இருப்பதுதான் அதிக பயமாக இருக்கிறது.

அவர் பெயரை எழுத மாட்டேன். "பேரெல்லாம் எதுக்குக்கா, யாரு வயித்துல இருக்கிறோம்னு பூச்சிக்கே தெரியாது" என்று அவரே ஒருமுறை சொல்லிச் சிரித்தார். நாங்கள் மேடம் என்று கூப்பிட்டோம். இங்கேயும் மேடம்தான்.

திருப்பதியில் அலிபிரி பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன வீடு. மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் என் வீட்டுக்காரர் தேங்காய், கற்பூரக் கடை வைத்திருக்கிறார். மாடியில் ஒரு அறை. அதை வாடகைக்குப் பார்க்கத்தான் மேடம் வந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். சொந்த ஊர் கங்காதர நெல்லூர் பக்கம். ஆடு மாடுகளின் நோயை ஆராய்கிற ஓர் இடத்தில் வேலை. தண்ணீர் வருமா, கரண்டுக்குத் தனி மீட்டரா என்று எதுவும் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அக்கா, ஒரு நிமிஷம்" என்று கட்டைவிரலை என் கன்னத்தில் வைத்து, கண்ணின் கீழ் இமையை மெல்ல இழுத்து உள்ளே பார்த்தார். சித்திரை வெயில் கொளுத்துகிறது. அந்த விரல் மட்டும் ஐஸ் போல இருந்தது.

"வெளுத்துக் கிடக்குது. ரத்தம் செக் பண்ணுங்க" என்றார்.

அவர் போனதும் என் வீட்டுக்காரர் சொன்னார்: "வாடகைக்கு வர்றவங்க கொழாயில தண்ணி வருதான்னு பாப்பாங்க. இந்தம்மா உன் கண்ணுல ரத்தம் ஓடுதான்னு பாத்துட்டுப் போவுது. வுட்றாதே, நல்ல பார்ட்டி."

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது எனக்கு ரத்தம் பாதிதான் இருந்தது. எனக்கே தெரியாது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கும் தெரியவில்லை.

மேடத்தின் குணமே அதுதான். எந்தப் பொருள் கையில் வந்தாலும் அதன் உள்பக்கம் பார்ப்பார். கறிவேப்பிலை வாங்கினால் இலையின் அடியைத் திருப்புவார். நகரியிலிருந்து என் மாமியார் அனுப்பின தறிப்புடவையைக் காட்டினால், முந்தானையை விட்டுவிட்டு மறுபக்கத்து நூலை விரலால் தடவிப் பார்ப்பார். "மேல பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்க்கா. உள்பக்கம் பாக்கணும்" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும். சமையலறையில் நான் அதைப் போலச் சொல்லிக் காட்டி என் வீட்டுக்காரரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பூஜை அறையில் கங்கம்மாவின் வெள்ளி முகத்தைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தேன். உள்ளங்கை அளவு முகம். மேடம் அதை வாங்கித் திருப்பி, குழிவான பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் என் முன்னால் பிடித்தார்.

"இப்படியே நவுந்து போங்க. கண்ண எடுக்காதீங்க."

நான் வலப்பக்கம் நகர்ந்தேன். முகம் என் பின்னாலேயே திரும்பியது. இடப்பக்கம் வந்தேன். அங்கேயும் திரும்பியது. மேடத்தின் கை அசையவே இல்லை.

"எந்த மொகத்துக்கும் குழிப்பக்கம் அப்படித்தாங்க்கா. வெளிப்பக்கம் சும்மா இருக்கும். உள்பக்கம்தான் நம்மளப் பாக்கும்" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் முகத்தை வாங்கி மஞ்சள் துணியில் வைத்துக் கற்பூரம் காட்டினேன்.

அவர் செய்த வேலை என்ன என்பது எனக்கு ஒரு மத்தியானம்தான் விளங்கியது. அவர் குடியிருந்த மாடி அறைக்குக் காபி எடுத்துக்கொண்டு போனேன். கம்ப்யூட்டரில் நாடாவும் சுருளுமாக ஏதோ ஒன்று தானாகவே மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர். அதற்குள் நூல் போல ஒன்று, சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கியது போல. ஜாத்திரைக்குக் காப்புக் கட்டுவோமே, அதே கயிறு. தொடப் போனேன். அது நெளிந்தது.

"ஆட்டோட நாலாவது வயித்துல இருக்கிற பூச்சிக்கா. செவப்பு, அது குடிச்ச ரத்தம். வெள்ளை, அதோட முட்டை இருக்கிற பை."

"அப்போ இது?" என்று கம்ப்யூட்டரைக் காட்டினேன்.

"அந்தப் பூச்சிக்கு உள்ளார இருக்கிற ஒரு புரோட்டீன். உங்க துளசி மாலைய கழட்டி உள்ளங்கையில போடுங்க."

போட்டேன். மாலை சுருண்டு விழுந்தது.

"மணி மணியா கோத்தது, சுருண்டதும் நடுவுல ஒரு குழி விழுந்துச்சா? மருந்து அந்தக் குழியில போய் உக்காரும். உக்காந்தா பூச்சி சாவும். இப்ப பூச்சி மாலையில ஒரு மணிய மாத்திக்கிச்சு. குழி மூடிக்கிச்சு. மருந்து வருது, உக்கார எடமில்ல, போயிடுது."

"ஒரு மணிக்கா இத்தனை?"

"ஒரே ஒரு மணிக்குத்தான். அதனால வேற குழி தேடுறேன். அது பூச்சிக்கு இருக்கணும், ஆட்டுக்கும் நமக்கும் இருக்கக் கூடாது. அதான் கிடைக்க மாட்டேங்குது. பாதிக் குழிங்க மூணு பேருக்கும் ஒரே மாதிரி இருக்குது."

"புழுவுக்கும் நமக்குமா மேடம்?"

"ஒரே அச்சுக்கா."

பெருமாள் படைத்ததில் பேதமில்லை என்று மலையில் எத்தனையோ உபந்நியாசம் கேட்டிருக்கிறேன். குப்பியில் வைத்துக் காட்டி யாரும் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் துளசி மாலையைக் கழுத்தில் போடும்போது, எந்த மணி என்று விரல் தானாகத் தேடியது.

கார்வேட்டிநகரத்துக்கு உள்ளே தள்ளி இருக்கிற கிராமம் என் தாய்வீடு. நைனா விட்டுப்போன ஆட்டு மந்தையை வைத்துத்தான் என் தம்பி பிழைக்கிறான். மந்தை இல்லாவிட்டால் கல் குவாரிக்குப் போக வேண்டியதுதான், வேறு வழி கிடையாது. அந்த வருடம் மழைக்குப் பிறகு ஆடுகள் சாக ஆரம்பித்தன. தாடைக்குக் கீழே நீர்ப்பை மாதிரி வீங்கும். இரண்டு மூன்று நாளில் படுத்துவிடும்.

"யக்கா, மாசா மாசம் எல்லாத்துக்கும் மருந்து ஊத்திக்கினுதான் கீறேன். ஊத்த ஊத்த செத்துக்கினே கீது" என்று போனில் அழுதான். "நைனா நேந்துக்கின கடாவ நாம இன்னும் குடுக்கல. ஆத்தா கோவம்தான் இது."

மேடத்திடம் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னோடு பஸ் ஏறிவிட்டார்.

தம்பி ஒவ்வொரு ஆடாகப் பிடித்துக் கொடுத்தான். மேடம் ஒவ்வொன்றின் கீழிமையையும் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்து, "இது நிக்கும்", "இது நிக்கும்", "இது நிக்காது" என்று சொல்லிக்கொண்டே போனார். நிற்காது என்று அவர் சொன்னதில் ஒன்று, மந்தைக்கே முன்னால் நடக்கிற கொழுத்த ஆடு.

தம்பி சிரித்தான். "டாக்டரம்மா, மந்தையிலயே ஜோரான ஆடு அது. கண்ணு கிண்ணு வெச்சிடாதீங்க."

"நான் டாக்டரம்மா இல்லப்பா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரு."

வெள்ளிக்கிழமை உச்சி வேளைக்கு முன்னால் அந்த ஆடு தொட்டியடியில் தண்ணீர் குடிக்கக் குனிந்தது, அப்படியே சரிந்தது. தம்பி போன் செய்தான். செத்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டான்: "யக்கா, சாவப்போறத அந்தம்மா பாத்துச்சா, இல்ல அந்தம்மா பாத்ததால செத்துச்சா?"

அதற்குப் பிறகு என் பேத்தியை மேடம் கன்னத்தில் தொட வந்தால் நான் ஏதாவது சாக்குச் சொல்லித் தூக்கிக்கொள்வேன். அது தப்பு என்று தெரியும். இருந்தாலும் செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மேடம் நைனா நேர்ந்துவிட்ட சாமிக் கடாவையும் பார்த்தார். எங்கள் பக்கம் ஒரு கடாவை அம்மனுக்கு நேர்ந்துவிட்டால் அதற்குக் கயிறு கிடையாது, கத்தரி கிடையாது, மருந்தும் கிடையாது. அது மந்தையோடு பட்டிக்கு வராது. கோயில் தோப்பிலும் யார் வயலிலும் தன் இஷ்டத்துக்கு மேயும். யாரும் விரட்ட மாட்டார்கள். கழுத்தில் மஞ்சள் துணியோடு அது மேடத்தின் முன்னால் வந்து தானாக நின்றது. இமையை இழுத்தார். உள்ளே செம்பருத்திப் பூ.

மேடம் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இதுக்கு மருந்தே ஊத்தினதில்லையா?"

"சாமி ஆட்டுக்கு மருந்தா? கைய நீட்டினா ஆத்தா மொடக்கிடுவா."

"இது வயித்துலயும் பூச்சி இருக்கும். ஆனா மருந்தைப் பாக்காத பூச்சி. மணி மாறாத பூச்சி." என் பக்கம் திரும்பினார். "கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத்தாங்க்கா உருவம் காட்டுது. கணக்கு சரியான்னு உசுரோட இருக்கிறதுல பாக்கணும். மாறினது என்கிட்ட நிறைய இருக்குது. மாறாதது எங்கயுமே கிடைக்கல."

தம்பிக்கும் ஒன்று சொன்னார். "எல்லா ஆட்டுக்கும் ஊத்தினா மணி மாத்தின பூச்சி மட்டும்தான் மிஞ்சும். அதுங்களே பெருகும். இமை வெளுத்ததுக்கு மட்டும் ஊத்து. மத்ததுக்கு ஊத்தாதே."

"ஊத்தாம? வேடிக்க பாத்துக்கினு குந்தறதா?" என்றான் தம்பி. கேட்கிற ஆளாகத் தெரியவில்லை.

கடாவை அடுத்த ஜாத்திரையில் கொடுப்பது என்று முடிவானது. ஆனால் எங்கள் கங்கம்மாவுக்கு ஒரு கட்டு உண்டு. அவளுக்குக் கொடுத்தது எல்லைக்குள்ளேயே வெந்து எல்லைக்குள்ளேயே தீர வேண்டும். கல்யாணம் ஆகி வெளியூர் போன நாங்கள்கூட இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாம், ஒரு துண்டு முந்தானையில் முடிந்து வர முடியாது.

ஜாத்திரையன்று காலையில், கடாவின் வயிற்றுப் பூச்சிகளை உயிரோடு கொண்டு போக, மேடம் ஒரு பிளாஸ்க்கும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீருமாக வந்தார். கோயிலுக்குப் பூஜை செய்கிற பூசாரியம்மா ஒல்லியான மனுஷி, ஐம்பது வயது தாண்டியவர். மேடம் பழக்கதோஷத்தில் அவர் இமையையும் இழுத்துப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "இந்தம்மாவுக்கு ரத்தமே இல்லக்கா. சுண்ணாம்பு மாதிரி இருக்குது."

தம்பி விஷயத்தைச் சொன்னதும் பூசாரியம்மா முறைத்தார். "ஒரு ரோமம்கூட எல்லை தாண்டக் கூடாதுடா."

"கறியவா கேக்குறோம்? வயித்துல கீற பூச்சியத்தானே. பூச்சி கடா ஆவுமா?"

"உன் வயித்துல கீற சோறு நீயில்லாம வேற எவன்டா?"

கூட்டம் சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. "அவங்க பொருளு. அவங்களையே கேக்கிறேன்" என்றார்.

உச்சி வேளையில் கடா கொடுத்தாயிற்று. வயிற்றை வாழை இலையில் வைத்தார்கள். பம்பை அடிக்க அடிக்கப் பூசாரியம்மாவுக்கு அம்மன் வந்தது. அந்த ஒல்லி உடம்பு எப்படி அவ்வளவு கனமாகத் தரையில் மிதித்தது என்று எனக்குப் புரியவில்லை. மேடம் முட்டி போட்டு, தன் வீட்டு மொழியான தெலுங்கில், தாயே உன் ஆட்டின் பூச்சியை எனக்குத் தருவாயா என்று கேட்டார்.

பம்பைக்காரர் அடியைக் குறைத்தார்.

"எடுத்துக்கினு போ" என்றது அம்மன். "உள்பக்கம் பாரு. பாத்துட்டு என் பொருள என் எல்லையில கொண்டாந்து வெய்யி."

உள்பக்கம் என்பது மேடத்தின் வார்த்தை. எங்கள் வீட்டு மாடியில், சமையலறையில் புழங்கின வார்த்தை.

"யாரு ஜாமீன்?" என்று கேட்டது அம்மன்.

தம்பி மண்ணைப் பார்த்தான். அவன் மந்தை என் கண்முன் வந்தது, ஒன்றன்பின் ஒன்றாகச் சரிகிற மாதிரி. "நான் தாயே" என்றேன். என் குரல்தான்.

அப்போது மேடம் செய்ததை அந்த ஊரில் இன்றும் சொல்ல மாட்டார்கள், கையைக் கன்னத்தில் வைத்துக் காட்டுவார்கள். அவர் எழுந்து, கட்டைவிரலை நீட்டி, அம்மனின் கீழிமையை இழுத்து உள்ளே பார்த்தார். பம்பை நின்றுவிட்டது. அம்மன் அசையாமல் பார்க்க விட்டது. மேடம் கையை எடுத்துக்கொண்டு, இலையருகே உட்கார்ந்து பூச்சிகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

ஜாமீன் சொன்னவள் மடியில்தான் பொருள் போக வேண்டும் என்றார்கள். பஸ்ஸில் பிளாஸ்க்கை நான் வைத்துக்கொண்டேன். எல்லைக்கல்லைத் தாண்டும்போது மடியில் ஏதோ புரண்ட மாதிரி இருந்தது. பஸ் பள்ளத்தில் இறங்கியதாலும் இருக்கலாம். நாமம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

புத்தூர் தாண்டித்தான் கேட்டேன். "இன்னா பாத்தீங்க மேடம்?"

"காலைல சுண்ணாம்பு. மத்தியானம் செம்பருத்தி." பிறகு தானே காரணமும் சொன்னார்: "ஆடினா ரத்தம் மேல ஏறும்க்கா. அதான்."

அலிபிரி வந்தது. இறங்கும்போது தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்: "ஆனா இல்லாத ரத்தம் எங்கருந்து ஏறும்?"

அந்த ஜாத்திரைக்குப் பிறகு தம்பி மாறினான். மேடம் சொல்லிக் கேட்காதவன், "ஆத்தாளே உள்பக்கம் பாருன்னு சொல்லிட்டா" என்று வாரா வாரம் இமையை இழுத்துப் பார்த்து, வெளுத்ததுக்கு மட்டும் மருந்து ஊற்றுகிறான். சாவு குறைந்தது. நிற்கவில்லை. இருக்கிற மருந்து இன்னும் எத்தனை மழைக்குத் தாங்கும் என்று அவனுக்கும் தெரியாது. புது மருந்து வந்தால்தான் மந்தை.

ஒரு வருடத்தில் மேடத்துக்கு வெளிநாட்டில் வேலை வந்தது. அந்தப் பூச்சிகளின் முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளும் கூடவே போயின. ஐஸைவிடப் பல மடங்கு குளிரில் போட்டிருப்பதாகச் சொன்னார். "சாவாதுக்கா. பொழைக்கவும் பொழைக்காது. நிறுத்தி வெச்ச மாதிரி."

"திருப்பிக் கொண்டாந்துடுவீங்க இல்ல? நான் ஜாமீன் நிக்கிறேன்."

"கொண்டாருவேன்க்கா. பூச்சியா இல்ல, மருந்தா. உங்க தம்பி மந்தைக்கு மொதல்ல."

"ஆத்தா அத ஏத்துக்குவாளா?"

"அவங்களுக்கு உள்பக்கம் தெரியும்" என்றார். போகும்போது வாசலில் நின்று என் கண்ணைப் பார்த்தார். "இப்ப செவப்பா இருக்குது. விட்றாதீங்க."

இரண்டு வருடம் முன்னால் போனில் ஒரு படம் அனுப்பினார். சுருள்களுக்கு நடுவில் ஆழமான ஒரு குழி. கூடவே அவர் குரல்: "கெடச்சிடுச்சுக்கா. அதுக்கு மட்டும் இருக்கிற குழி. ஆட்டுக்கு இல்ல, நமக்கு இல்ல. இனிமேதான் அதுல உக்கார்ற மருந்தத் தேடணும்." போனைச் சாய்த்துப் பார்த்தேன். அந்தக் குழி, வெள்ளி முகத்தின் உள்பக்கம் போல, என் பக்கமே திரும்பியது. அதற்குப் பிறகு அந்த நம்பரில் யாரும் எடுக்கவில்லை. இப்போது அப்படி ஒரு நம்பரே இல்லை என்று வருகிறது.

ஒவ்வொரு ஜாத்திரையிலும் அம்மன் வந்ததும் கூட்டத்தில் என்னைத் தேடிக் கேட்கும். "எங்க என் பொருள்?"

"வந்துக்கினு கீது தாயே" என்பேன்.

போன ஜாத்திரையில் கேட்கவில்லை. ஆடுவதை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தது. கட்டைவிரலை என் கன்னத்தில் வைத்து, கீழிமையை மெல்ல இழுத்து உள்ளே பார்த்தது. சித்திரை வெயில் கொளுத்துகிறது. விரல் ஐஸ் போல இருந்தது.

"இன்னும் நேரம் கீது" என்று சொல்லிவிட்டுப் போனது.

மறுநாள் பூசாரியம்மாவிடம் கேட்டேன். "நான் எதுக்கும்மா உன் கண்ணத் தொடப் போறேன்?" என்றார். அவர் கை அடுப்படியில் வேலை செய்த கை. சூடாக இருந்தது.

அதனால்தான் எழுதிவிட்டேன். மேடம் எந்த ஊரில் இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தினமும் பெருமாளிடம் அவருக்காகத்தான் முதலில் வேண்டிக்கொள்கிறேன், என் ஜாமீனுக்காக அதற்குப் பிறகுதான். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் கொடுங்கள். அவர்கள் இன்னும் நாலு பேருக்குக் கொடுக்கட்டும். எப்படியாவது அவர் கையில் சேரும். படித்தால் தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்துகொள்வார். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நன்றாக இருக்கட்டும் என்று ஒரு சொல்லைச் சேர்க்காதீர்கள், நம்ப முடியவில்லை என்று ஒன்றை எடுக்காதீர்கள். நான் கோத்த வரிசையிலேயே கைமாற வேண்டும். ஒரு மணி மாறினால் குழி மூடிக்கொள்ளும். பிறகு இது அவரிடம் போய்ச் சேர்ந்தாலும் உட்கார இடம் இருக்காது.